ஆய்வுக்கூடத்து எலியும் நம் அமானிதமும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதெல்லாம் நம் பள்ளிவாசல்களில் ஒரு நினைவூட்டலைக் கேட்கிறோம். கத்தியை நன்கு தீட்டிக்கொள்ள வேண்டும். பிராணியின் கண்முன் அதைத் தீட்டக் கூடாது. ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்கக் கூடாது. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள நபிமொழியே இந்த ஒழுக்கங்களுக்கு அடிப்படை. அறுப்பதற்கான அனுமதி இஹ்ஸான் என்னும் அழகிய முறையோடு சேர்த்தே நமக்குத் தரப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம்.

இந்த இஹ்ஸானைக் குர்பானி நாள்களுக்குள் அடைத்துவிட்டோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. சர்க்கரை நோயாளி இல்லாத குடும்பம் நம்மிடையே அரிதாகி வருகிறது. இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரை விழுங்காத பெரியவர்கள் குறைவு. அந்த மாத்திரைகள் மனிதரிடம் பரிசோதிக்கப்படுவதற்கு முன் விலங்குகளின் உடலைக் கடந்தே வந்தன. ஒரு புதிய மருந்தின் நச்சுத்தன்மையைக் கொறிக்கும் இனம் ஒன்றிலும் கொறிக்காத இனம் ஒன்றிலும் பார்த்த பின்பே மனிதருக்குக் கொடுப்பது என்பது பல பத்தாண்டுகளாக உலகின் நடைமுறை. ஆகவே, நாம் ஒருபோதும் உள்ளே நுழைந்திராத ஆய்வுக்கூடங்களின் கூண்டுகளில் நடப்பவற்றுக்கும் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கும் தொடர்பு இருக்கிறது. பயனை அடைபவர்கள் பொறுப்பிலிருந்து முற்றாக விலகி நிற்க முடியாது.

அந்தப் பொறுப்பைச் சமுதாயத்தின் சார்பில் ஏற்று நடத்துபவை நெறிமுறைக் குழுக்கள். ஆய்வாளர் ஒருவர் விலங்குகளைக் கொண்டு சோதனை செய்ய விரும்பினால், எத்தனை விலங்குகள், எந்த இனம், என்ன வலி, அதை எப்படித் தணிப்பது, ஆய்வின் முடிவில் அவற்றின் கதி என்ன என்று எழுதிக் கொடுத்து, குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அண்மை ஆண்டுகளில் இந்த ஒப்புதல் முறையைச் சுருக்கி எளிமையாக்க வேண்டும் என்ற குரல் பல நாடுகளில் வலுத்து வருகிறது. படிவங்களிலேயே காலம் கழிகிறது என்பது ஆய்வாளர்களின் முறையீடு. எளிமை என்ற பெயரில் கண்காணிப்பையே கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்பது விலங்கு நலம் பேசுவோரின் அச்சம். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. எனினும், நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிவங்களைக் குறைப்பதை நாம் வரவேற்கிறோம். குழுவில் வெளியாளுக்கு உள்ள இருக்கையையும், கூண்டருகே சென்று கண்ணால் காணும் கடமையையும் குறைப்பதை எதிர்க்கிறோம்.

இந்த விவாதம் முழு வடிவில் நடந்திருப்பது அமெரிக்காவில். அங்கே சட்டம் பிறந்த விதமே கவனிக்கத்தக்கது. 1965-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் வளர்ப்பு நாய் காணாமற்போயிற்று. பெப்பர் என்பது அதன் பெயர். வியாபாரிகள் கைமாறி, நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் சோதனை மேசையில் அது உயிரிழந்தது தெரிய வந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லைஃப் இதழ் நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம்பிடித்து வெளியிட்டது. ஆகஸ்ட் மாதத்தில் ஆய்வுக்கூட விலங்குகளுக்கான முதல் கூட்டாட்சிச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்டார். ஆனால், அந்தச் சட்டம் சோதனை மேசையை எட்டவில்லை. நாய் எங்கிருந்து வந்தது, எப்படி அடைக்கப்பட்டது என்பதையே அது பெரும்பாலும் பார்த்தது.

1981-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து 17 குரங்குகளைக் காவல்துறை கைப்பற்றியது. உள்ளே வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் எடுத்த படங்களும் குறிப்புகளுமே அதற்குக் காரணம். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு அது. அதன் அதிர்வில்தான் 1985-இல் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒவ்வொரு நிறுவனத்திலும் குழு அமைக்க வேண்டும், அதில் ஒரு கால்நடை மருத்துவரும் நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரும் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலங்குக் கூடங்களை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

சட்டங்கள் இரண்டானதால் எசமானர்களும் இருவராயினர். வேளாண்மைத் துறை ஒருபுறம்; ஆய்வுக்குப் பணம் தரும் சுகாதாரத் துறை மறுபுறம். ஒரே குழு, ஒரே விலங்குக் கூடம். ஆனால் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கை முதல் ஆண்டறிக்கை வரை இருவரின் விதிகளும் வேறு. ஒரு துறை, அனுமதித்த ஆய்வை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. மற்றொன்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசீலித்தால் போதும் என்றது. எதற்கு வம்பு என்று பல நிறுவனங்கள், சட்டம் கேளாத படிவங்களையும் தாமாகவே சேர்த்துக்கொண்டன. தவறு நேராமல் தடுப்பதற்காகத் தோன்றிய ஏற்பாடு, தவறு நேர்ந்தால் தம்மேல் பழி வராமல் தடுக்கும் ஏற்பாடாக மெல்ல மாறியது. அலுவலகங்களோடு பழகிய நமக்கு இந்த நோய் புதிதன்று.

அங்கே அரசுப் பணத்தில் ஆய்வு செய்வோரிடம் 2005-லும் 2012-லும் நடந்த கணக்கெடுப்புகள், ஆய்வுக்குரிய நேரத்தில் ஏறத்தாழ 42 விழுக்காடு நிர்வாக வேலைகளில் கழிவதாகக் காட்டின. அது முழுவதும் விலங்கு ஆய்வுக்கான படிவங்களால் விளைந்ததன்று. கணக்கு வழக்கு, நிதி அறிக்கை எல்லாம் சேர்ந்தது. ஆயினும், பெருஞ்சுமைகளில் ஒன்றாக விலங்கு ஆய்வு அனுமதியும் சுட்டப்பட்டது. 2016 டிசம்பரில் நிறைவேறிய இருபத்தோராம் நூற்றாண்டு மருத்துவச் சட்டம், ஒன்றையொன்று மீண்டும் சொல்லும் விதிகளையும் முரண்படும் விதிகளையும் கண்டறிந்து குறைக்குமாறு துறைகளுக்கு ஆணையிட்டது. 2019-இல் அதற்கான அறிக்கை வெளியானது. 2021-இல் வேளாண்மைத் துறை ஆண்டு மறுபரிசீலனையைக் கைவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசீலனை என்ற முறைக்கு மாறியது.

விலங்கு நலம் பேசுவோர் பலர் இதைப் பின்னடைவாகக் கண்டனர். நாம் அப்படிக் கருதவில்லை. ஆண்டுதோறும் அதே படிவத்தில் தேதியை மட்டும் மாற்றி எழுதி, அதே குழு படிக்காமலே ஒப்பமிடுவதால் எந்த எலியின் வலியும் குறைந்ததில்லை. ஆறு மாத நேரடி ஆய்வு நீடிக்கிறதா, கால்நடை மருத்துவர் எந்த நேரமும் உள்ளே நுழைந்து ஒரு சோதனையை நிறுத்த முடிகிறதா என்பவையே நாம் கேட்க வேண்டியவை.

தாளின் எடையும் அறத்தின் எடையும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2001-இல் சயன்ஸ் இதழில் பிளவுஸ், ஹெர்சாக் என்னும் இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவின் 50 நிறுவனக் குழுக்களிடமிருந்து, அவை ஏற்கெனவே முடிவெடுத்திருந்த 150 விண்ணப்பங்களைப் பெற்று, பெயர்களை மறைத்து, வேறொரு குழுவிடம் கொடுத்தனர். முதல் குழுவின் முடிவுக்கும் இரண்டாம் குழுவின் முடிவுக்கும் இருந்த ஒற்றுமை, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலாக இல்லை. நல்ல நோக்கமுடைய மனிதர்கள், முழுப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே விண்ணப்பத்தில் இரு வேறு முடிவுக்கு வந்தார்கள். இன்னும் பத்துப் பக்கங்களைச் சேர்த்திருந்தால் இந்த நிலை மாறியிருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உறுப்பினர்களுக்குப் பயிற்சியும், ஒரு வழக்கை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும், நிதானமாக விவாதிக்க நேரமும் இருந்திருந்தால் மாறியிருக்கலாம். அந்த நேரத்தைத்தான் படிவங்கள் தின்றுவிடுகின்றன.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருபுறம் இரட்டைக் காவல் என்று முறையிடும் அதே நாட்டில், மறுபுறம் காவலே இல்லாத வெளி ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கென்று வளர்க்கப்படும் எலியும் சுண்டெலியும் பறவையும் அமெரிக்காவின் அந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலங்குகளே அல்ல. 2002-இல் சட்டத்திலேயே அப்படித் திருத்திவிட்டார்கள். ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் உயிரினங்களே எலிகளும் சுண்டெலிகளும்தாம்! அரசுப் பணம் பெறும் நிறுவனமாக இருந்தால் சுகாதாரத் துறையின் கொள்கை அவற்றையும் காக்கும். அரசுப் பணம் வாங்காமல் சுண்டெலிகளை மட்டும் வைத்துச் சோதிக்கும் தனியார் நிறுவனத்தை இந்தச் சட்டம் தொடாது. எளிமையாக்கம் நேர்மையானதாக இருக்க வேண்டுமானால், இரண்டு பூட்டுப் போட்ட கதவில் ஒன்றைக் கழற்றுவதோடு, பூட்டே இல்லாத கதவுக்கு ஒன்றைப் போடவும் வேண்டும். முதல் வேலைக்குச் சட்டம் வந்துவிட்டது. இரண்டாவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஊர்ந்து திரிபவையும் சிறகடித்துப் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் 38-ஆம் வசனம் உணர்த்துகிறது. அதில் எலிக்கென்று விலக்கு ஏதும் இல்லை. நம் நாட்டுச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் மேலானது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிரினமும் விலங்கே என்று வரையறுக்கிறது.

அமெரிக்க ஆய்வுக்கூடத்தோடு இந்தியாவுக்குப் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. 1950-களில் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி உருவானபோது அதற்குத் தேவைப்பட்ட செம்முகக் குரங்குகள் இந்தியாவிலிருந்தே பெருமளவில் விமானமேறின. மருத்துவ ஆராய்ச்சிக்கும் தடுப்பூசித் தயாரிப்புக்கும் மட்டுமே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று 1955-இல் இந்தியா நிபந்தனை விதித்தது. அந்நாடு அதை ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், அந்நாட்டு இராணுவத்தின் கதிரியக்கச் சோதனைகளில் இந்தியக் குரங்குகள் பயன்படுத்தப்பட்டது அம்பலமாயிற்று. 1978 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மொரார்ஜி தேசாய் அரசு குரங்கு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. நிபந்தனை எழுத்தில் இருந்தது, கையொப்பமும் இருந்தது. அது காக்கப்படுகிறதா என்று பார்க்க வெளியாள் எவரும் அந்தக் கூண்டருகே இல்லை. அமானிதம் என்ற சொல்லின் கனம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெளியாளின் கண் என்ன செய்யும் என்பதற்கு ஹதீஸ் நூல்களிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. குறைஷிக் குலத்து இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். இலக்குத் தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் உரிமையாளருக்கு என்பது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. உரிமையாளருக்கு நட்டமில்லை, இளைஞர்களுக்குப் பயிற்சி. பறவையைத் தவிர எல்லோருக்கும் இலாபம். அவ்வழியே இப்னு உமர் (ரலி) வந்தார். அவரைக் கண்டதும் அவர்கள் சிதறி ஓடினார்கள். இப்படிச் செய்பவர்களை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று அவர் எடுத்துரைத்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி உள்ளது. அவர் அந்தப் பறவைக்கும் சொந்தக்காரர் அல்லர். விளையாட்டிலும் பங்காளி அல்லர். வழியே போனவர். அவர் பேசத் தொடங்கும் முன்பே, அவர் வருகையே தவற்றை நிறுத்தியது.

அதே வேளையில், தேவைக்காக விலங்குக்கு வலி தருவது முற்றிலும் தடுக்கப்பட்டதா என்றால், இல்லை. முகத்தில் சூடு போடப்பட்ட கழுதையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அதைச் செய்தவரைக் கண்டித்துச் சபித்தார்கள். ஆனால், ஸதகா ஒட்டகங்களுக்கு நபியவர்களே தம் கையால் அடையாளச் சூடு இட்டதை அனஸ் (ரலி) கண்டு அறிவித்திருக்கிறார். பொதுச் சொத்து கலந்துவிடாமல் இருக்க அடையாளம் தேவை. எனவே சூடு அனுமதிக்கப்பட்டது. முகம் வலி மிகுந்த இடம், எனவே தடுக்கப்பட்டது. கழுதையின் முகத்தைக் கண்டித்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக அறிவிக்கும் ஓர் அறிவிப்பில், அதன்பின் முகத்துக்கு மிகத் தொலைவான பின்புறத்தில் சூடிடும் வழக்கம் தொடங்கிய விவரமும் வருகிறது.

1959-இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் விலங்குச் சோதனைக்கு மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கு இல்லாமல் முடியுமானால் அவ்வழியே செல்க; முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்திடுக; அதன்பின் எஞ்சும் சோதனையில் வலியைத் தணித்திடுக. இன்று உலகின் எல்லாக் குழுக்களும் இந்த மூன்றையே அளவுகோலாகக் கொள்கின்றன. இந்திய விதிமுறைகள் நான்காவதாக மறுவாழ்வையும் சேர்த்துள்ளன. சோதனை முடிந்த பெரிய விலங்கைக் கைவிட்டுவிடக் கூடாது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை எழுதியபோது, முதுமையாலும் நோயாலும் பயன்படாத நிலையை அடைந்த பிராணிக்கும் தீவனச் செலவு செய்தாக வேண்டும் என்று எழுதினார். சுமைப் பிராணிகள் தாங்க இயலாத அளவுக்கு வேலை வாங்கப்படுவதைத் தடுப்பது சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமை என்று அவருக்கும் முன்னர் அல் மாவர்தி எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் நாம் முன்பே சொல்லிவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்வதற்காக இவற்றை எடுத்துக்காட்டவில்லை. அந்தப் பழக்கம் நம்மவர்களிடம் சற்று மிகுதி. விலங்கின் நலனைப் பார்க்க உரிமையாளருக்கு வெளியே ஒருவர் தேவை என்ற எண்ணம் நம் மரபுக்கு அந்நியமன்று என்பதற்காகவே சொல்கிறோம்.

இனி நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடுவண் அரசின் குழு ஒன்று விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடுகிறது. சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று நீண்ட காலம் அறியப்பட்ட அதன் பெயர் இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. எனச் சுருங்கியிருக்கிறது. பெரிய விலங்கைத் தவிர்த்துச் சிறியதில் செய்ய முடியுமானால் கினிப் பன்றி, முயல், தவளை, எலி போன்றவற்றோடு நிற்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. (கினிப் பன்றிக்குப் பெயரில் மட்டுமே பன்றி, இனத்தால் அது எலியின் உறவு.) வெறும் கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. இப்னு உமர் (ரலி) கண்ட பறவை நமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

ஒவ்வொரு நிறுவனத்திலும் எட்டு உறுப்பினர்களைக் கொண்ட நெறிமுறைக் குழு அமைய வேண்டும். ஐவர் நிறுவனத்துக்குள் இருப்பவர்கள்: உயிரியல் அறிஞர்கள், ஒரு கால்நடை மருத்துவர், விலங்குக் கூடத்தின் பொறுப்பாளர். மூவர் வெளியிலிருந்து வருபவர்கள்: வேறு நிறுவனத்தின் அறிஞர் ஒருவர், நடுவண் குழுவின் பிரதிநிதி ஒருவர், அறிவியல் துறை சாராத, சமூக அக்கறை உள்ள ஒருவர். சிறு விலங்குகள் மீதான ஆய்வுக்கு இந்தக் குழுவே அனுமதி அளிக்கலாம். நாய், குரங்கு போன்ற பெரிய விலங்குகள் என்றால் விண்ணப்பம் நடுவண் குழுவுக்குச் செல்ல வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் பார்மசியும் உயிர்த்தொழில்நுட்பமும் படிக்கிறார்கள். எம்.பார்ம் மாணவிக்கு ஆய்வுக்கென்று கிடைப்பது இரண்டாம் ஆண்டு மட்டுமே. குழு ஆண்டில் சில முறையே கூடும். ஒரு கூட்டம் தள்ளிப்போனாலும், விண்ணப்பம் ஒரு சிறு குறைக்காகத் திரும்பி வந்தாலும் மாதங்கள் கழிந்துவிடும். காலம் நெருங்கும்போது என்ன நடக்கிறது? எலிகளின் எண்ணிக்கை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற பகுதியை முந்தைய ஆண்டு அண்ணன் எழுதிய படிவத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதும் ஆசை எழுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறு எலிகள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; ஏன் ஆறு என்று கேட்டால் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதே விடை. தாமதம் மாணவியைத் தண்டிக்கிறது; அவசரம் எலியைத் தண்டிக்கிறது. ஆகவே, தாமதத்தைக் குறைப்பதும் விலங்கு நலமே.

ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் வகுத்த நெறிமுறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த 40 வேலை நாள்களுக்குள் அதிகாரிகள் முடிவு சொல்லிவிட வேண்டும். சிக்கலான ஆய்வாயின் ஒருமுறை மட்டும் 15 நாள்கள் நீட்டிக்கலாம். காலக்கெடு ஆய்வாளருக்குக் கிடைத்த சலுகை. அதற்கு ஈடாக அவர் இரண்டைத் தர வேண்டும். தம் ஆய்வு எதற்காக, எத்தனை விலங்குகளுக்கு என்ன துன்பம் நேரும் என்பதைச் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியில் எழுத வேண்டும். அந்தச் சுருக்கம் பெயர் குறிப்பிடாமல் பொதுவெளியில் வெளியிடப்படும். கடுமையான வலி தரும் ஆய்வாயின், முடிந்த பின் என்ன பயன் விளைந்தது, சொன்ன வலிதான் நேர்ந்ததா என்று திரும்பிப் பார்த்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் நமக்கு நியாயமாகப் படுகிறது. இந்தியாவிலும் சிறு விலங்கு ஆய்வுகளுக்குக் காலக்கெடுவை விதித்து, ஒவ்வொரு ஆய்வின் சுருக்கத்தையும் அந்தந்த மாநில மொழியில் வெளியிடச் செய்யலாம். தாம் செய்யவிருப்பதைத் தம் தாயாருக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டும் என்ற ஒரு விதி, இருபது பக்கப் படிவத்தைவிட ஆழமாக ஓர் ஆய்வாளரைச் சிந்திக்க வைக்கும்.

ஆட்டிறைச்சியும் கோழியும் உண்ணும் நாம் எலிக்காகப் பேசுவது பொருத்தமா என்று சிலர் நகைக்கக்கூடும். உண்பதற்கான அனுமதியோடு அறுப்பின் ஒழுக்கத்தையும் சுமப்பவர்கள் நாம் என்பதே விடை. ஹலால் என்ற சொல்லை அறுத்த பின் ஒட்டும் முத்திரையாக மட்டும் கருதுபவர்களுக்குத்தான் இது விளங்காது. மறுபக்கம், விலங்குச் சோதனையை முழுவதும் நிறுத்திவிட்டால் குழுவே தேவையில்லையே என்று கேட்கும் இளைஞர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களின் மனம் போற்றத்தக்கது. ஆனால், 1921-இல் டொரொன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களில் செய்த சோதனைகளிலிருந்தே இன்சுலின் பிறந்தது. 1922 ஜனவரியில் அதை முதலில் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். அதன்பின் அறுபது ஆண்டுகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்துமே இன்சுலின் எடுக்கப்பட்டது; நம் முன்னோரில் எத்தனையோ பேர் இது கூடுமா கூடாதா என்று ஆலிம்களிடம் கேட்டுத் தவித்தார்கள். 1982-இல் நுண்ணுயிரியைக் கொண்டு செய்த மனித இன்சுலின் அனுமதி பெற்றபோது, அந்தத் தவிப்பும் தீர்ந்தது, கணையத்துக்கான தேவையும் தீர்ந்தது.

வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியும் அப்படியே. குன்னூரில் ஆட்டின் மூளையிலிருந்து தயாரான அந்த மருந்தின் வலியும் பக்கவிளைவும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பின்னர் அதே குன்னூரில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் தடுப்பூசி தயாரானது. மாற்று வழி உருவாகும்போது அதைக் கைக்கொள்ளச் சட்டமும் இடம் தர வேண்டும். அழகுப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. 2023-இல் புதிய மருந்து விதிகள் திருத்தப்பட்டு, செல் வளர்ப்பு, சில்லுகளில் அமைத்த உறுப்பு மாதிரிகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றின் சான்றுகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது. இப்படி விதி மாறியிருப்பதைக் குழுவின் மேசையில் எடுத்துச் சொல்லவும், இந்தச் சோதனைக்கு மாற்று வழி தேடினீர்களா, எங்கே தேடினீர்கள் என்று கேட்கவும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் அறிவியல் சாராத அந்த எட்டாவது உறுப்பினராகவே இருக்க முடியும். மற்றவர்கள் ஒருவர் ஆய்வை மற்றவர் நாளை பரிசீலிக்க வேண்டியவர்கள், தாட்சண்யம் இயல்பு. அவருக்கு அந்தத் தளை இல்லை. ஆனால், பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் நடுவே, விளங்காத சொற்களுக்கு நடுவே, அவர் வாய் திறப்பது எளிதன்று. எளிமையாக்கம் பற்றி வரைவு எழுதுபவர்கள் முதலில் கத்தி வைப்பதும் இந்த இருக்கையின் மீதே என்பது நம் அச்சம். கூட்டம் கூடாமலே மின்னஞ்சலில் ஓர் உறுப்பினர் மட்டும் பார்த்து ஒப்புதல் தரும் முறை அமெரிக்காவில் ஏற்கெனவே உண்டு. அங்கே எந்த உறுப்பினரும் முழுக் கூட்டத்தைக் கேட்க உரிமை பெற்றிருக்கிறார். அந்த உரிமை இல்லாமல் அந்த முறையை மட்டும் இங்கே கொண்டுவந்தால், எட்டாவது உறுப்பினர் பெயர்ப் பட்டியலில் மட்டும் இருப்பார்.

அந்த இருக்கைக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை, வழக்கறிஞர், சமூகப் பணியாளர் என யாரும் அமரலாம். மார்க்கம் கற்ற ஓர் ஆலிமும் அமரலாம். நம் ஜமாஅத்துகள் நடத்தும் கல்வி நிறுவனங்களில் பார்மசிக் கல்லூரிகளும் உள்ளன. குறைந்தபட்சம் அவற்றின் நிர்வாகிகள் தம் குழுவின் ஆண்டுக் கூட்டங்கள் எத்தனை, அவற்றில் வெளி உறுப்பினர்கள் மூவரும் எத்தனை முறை வந்தார்கள், விலங்குக் கூடத்துக்குள் கடைசியாக யார், எந்தத் தேதியில் சென்றார் என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்கலாம். விடை அரைப் பக்கத்தில் அடங்கிவிடும்.